ஆறு நாள் சைக்கிளும் சங்கரலிங்கம் அண்ணாச்சியும்

செய்தி வந்தபோது என் கையில் ஒரு டியூப் இருந்தது. தண்ணீர்ச் சட்டியில் முக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மில்லில் காலை ஷிப்ட் முடிந்து வந்த நடராஜன் கடைக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினான். எப்போதும் ஒரு காலைத் தரையில் ஊன்றியபடியே பேசிவிட்டுப் போகிறவன், அன்று இறங்கி ஸ்டாண்டு போட்டான். "அண்ணாச்சி போயிட்டாவ" என்றான். "தென்காசிக்கா?" என்று கேட்டேன். அவருடைய மகள் தென்காசியில் இருக்கிறாள். அடுத்த வாரம் அங்கே போகப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடராஜன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் எனக்கு விளங்கியது.

காலையில் ஆற்றில் குளித்துவிட்டு வந்து, திருநீறு பூசிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவர் அப்படியே போய்விட்டார். யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்கவில்லை.

சங்கரலிங்கம் அண்ணாச்சியை விக்கிரமசிங்கபுரத்தில் தெரியாதவர்கள் குறைவு. மலைமேல் தேயிலை எஸ்டேட் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றுக் கீழே வந்தவர். மனைவி முன்பே இறந்துவிட்டார். தினமும் சாயங்காலம் மில் பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில், கல்லாவுக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பார். நம் படிப்பகத்துப் பிள்ளைகள் அவரைப் பற்றி எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நான் எழுத்துக் கற்று இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு வரி எழுதி, அதை வாசித்துப் பார்த்துவிட்டு, அடுத்த வரிக்குப் போகிறேன். வேகமாக எழுதுகிறவர்களுக்கு இந்தச் சந்தோஷம் கிடைக்காது. ஒரு வரி முடிகிற வரைக்கும் அண்ணாச்சி என் பக்கத்திலேயே இருக்கிறார்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவரைப் பற்றிச் சொல்ல முடியும். நான் ஏரல் பக்கத்துக்காரன். பெயர் சுடலைமுத்து. வாலிப வயதிலிருந்து நிற்காமல் சைக்கிள் ஓட்டுவது என் தொழில். ஊருக்கு நடுவே ஒரு மைதானத்தில் கயிறு கட்டி வட்டம் போடுவோம். நடுவில் ஒரு கம்பம். அதில் ட்யூப்லைட்டும் ஒலிபெருக்கியும். ஆறு நாள், இரவும் பகலும், அந்த வட்டத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்காமல் சுற்ற வேண்டும். சாப்பாடு, குளியல், சட்டை மாற்றுவது எல்லாம் சைக்கிள் மேலேயே. முடியாதபோது கம்பத்தில் தோளைச் சாய்த்துச் சிறிது நேரம் நிற்கலாம். ஆனால் கால் தரையில் படக்கூடாது, கண் மூடக்கூடாது. கண் சொருகினால் கூட்டத்தில் யாராவது தகரத்தைத் தட்டுவார்கள். என் மனைவி பேச்சியம்மாள் மைக்கில் அறிவிப்புச் சொல்லுவாள், எனக்குச் சோறு ஊட்டுவாள், தலையில் தண்ணீர் ஊற்றுவாள். இப்படி எத்தனையோ ஊர் பார்த்தோம்.

ஆறு நாள் ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை. முருகனுக்குச் சஷ்டி ஆறு நாள், அதுதான் கணக்கு என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி மாதம் இந்த ஊருக்கு வந்தோம். அப்போதே எனக்கு ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. இதுவே கடைசி என்று ஒவ்வோர் ஊரிலும் பேச்சி சொல்லிக்கொண்டிருந்தாள். கம்பம் நட்டு, மைக் கட்டி, அவள் வழக்கம்போல ஆரம்பித்தாள்: "உலகத்திலேயே முதல்முறையாக, உங்கள் ஊர் மைதானத்திலே..." வெள்ளை வேட்டி கட்டிய ஒல்லியான மனிதர் ஒருவர் கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே வந்தார். மைக்கை அணைக்கும்படி கையால் சைகை காட்டினார். போலீஸ்காரரோ என்று நான் பயந்தேன்.

"தாயி, அந்த 'உலகத்திலேயே'வ மட்டும் எடுத்துரு" என்றார். "அமெரிக்காவுல நூறு வருசத்துக்கு முந்தியே ஆறு நாள் ஓட்டிட்டான். 'அம்பாசமுத்திரம் தாலுகாவிலேயே'ன்னு வேணா சொல்லு. அது உண்மையாக்கூட இருக்கும்."

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அந்த ஆறு நாளும் அவள் தாலுகா என்றுதான் சொன்னாள்.

மைதானம் அம்மன் கோயிலுக்குச் சொந்தம். கோயில் கமிட்டித் தலைவர் பரமசிவம் இடம் தரச் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. கோயில் இடத்தில் நடப்பதால் அம்மன் பெயரைச் சொல்லிக் காப்புக் கட்டிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்றார். மற்ற ஊர்களில் ஒரு மாலை போடுவார்கள், அவ்வளவுதான். பேச்சிக்கு இது பிடிக்கவில்லை. வயிற்றுப்பாட்டுக்குச் செய்கிற வேலையில் சாமியை இழுக்க வேண்டாம் என்றாள். நான் மஞ்சள் கயிறுதானே என்று கையை நீட்டிவிட்டேன். காப்புக் கட்டினால் கொண்ட காரியம் முடியும்வரை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் ஊருக்கு ஆகாது. இது எனக்கும் தெரியும். ஆறு நாள் ஓட்டாமல் நான் எந்த ஊரிலும் இறங்கியதில்லை என்பதால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதல் நாள் சாயங்காலமே அண்ணாச்சி ஒரு மர ஸ்டூலைக் கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே போட்டு உட்கார்ந்துவிட்டார். எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார துரைமார்களின் கிளப்பைக் காலி செய்தபோது பழைய இங்கிலீஷ் பத்திரிகைகளை எடைக்குப் போட்டார்களாம். அதில் சைக்கிள் பந்தயம் பற்றிய ஒரு கட்டு அவர் கைக்கு வந்திருக்கிறது. மலைமேல் மழைக்காலத்தில் வேறு வேலை இல்லாமல் அதையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். கேட்பதற்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. நான் கிடைத்தேன். ஓடிவிடவும் முடியாத ஆள்.

அவரைக் கடக்கும்போது ஒரு வாக்கியம் சொல்லுவார். சுற்றி வந்தால் அடுத்த வாக்கியம்.

"அங்கன ஞாயித்துக்கெழமை வேதக்கோயிலுக்குப் போற நாளு, பந்தயம் நடத்தக் கூடாது" என்றார். ஒரு சுற்று வந்தேன். "அதனால ஞாயிறு கழிஞ்சதும் ஆரம்பிச்சு சனிக்கெழமையோட முடிச்சிருவான்." இன்னொரு சுற்று. "வாரத்துல மிச்சம் ஆறு நாளுதானவே."

"அப்போ சஷ்டி கணக்கு இல்லையா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுப் போனேன். சிரிக்க ஆரம்பித்தார். நான் சுற்றி வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார். அந்தச் சுற்றுக்கு எனக்கு வாக்கியம் கிடைக்கவில்லை.

இப்படித்தான் நான் அந்தச் சரித்திரத்தைக் கேட்டேன். ஆதியில் முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருந்த சைக்கிளில் ஓட்டினார்கள். பிறகு நம்முடையதைப் போல இரண்டு சக்கரமும் ஒரே அளவான சைக்கிள் வந்தது. பெரிய கொட்டகைக்குள் பலகையால் தரை போட்டு, ஓரத்தைக் கிண்ணம் மாதிரித் தூக்கிவிட்டிருப்பார்கள். பேண்டு வாத்தியம் முழங்கும். சுருட்டுப் புகையில் எதிரே இருப்பவன் முகம் தெரியாது. பணக்காரர்கள் விருந்து முடிந்து நல்ல உடுப்போடு வந்து பார்ப்பார்கள். நம் மாதிரி வெறுமனே சுற்றினால் போதாது. யார் அதிகத் தூரம் ஓட்டினார் என்பதுதான் பந்தயம். அதனால் தூங்குகிறவன் தோற்றான். தூங்காமல் இருக்கக் காப்பியும், கண்ட கண்ட மருந்தும் கொடுத்து ஏற்றிவிட்டார்கள். சிலருக்குப் புத்தி கலங்கியது. இல்லாத ஆளோடு சண்டை போட்டார்கள். தாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே தெரியாமல் ஓட்டினார்கள்.

"அதைப் பாக்கதுக்குத்தான் கூட்டம் வந்துச்சு" என்று ஒரு சுற்றில் சொன்னார். அடுத்த சுற்றில் அவர் கண் என்மேல் இல்லை. கயிற்றைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலாம் நாள் மத்தியானம் வெயில் தாங்க முடியவில்லை. பேச்சி ஊற்றிய தண்ணீர் சட்டையிலேயே காய்ந்தது. தகரம் தட்டுகிற சத்தம் எங்கோ ஆற்றுக்கு அக்கரையில் கேட்பதுபோல் இருந்தது. அப்போது வட்டம் நேராகிவிட்டது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முன்னால் ஏரல் போகிற சாலை. இரண்டு பக்கமும் வாழை. தூரத்தில் பாலம். எத்தனையோ வருஷமாகச் சுற்றிச் சுற்றியே வந்தவனுக்கு ஒரு நேர்ப்பாதை கிடைத்தால் எவ்வளவு ஆனந்தமாக இருக்கும்! நான் பெடலை வேகமாக மிதித்தேன்.

கயிற்றில் மோதிக் கூட்டத்துக்குள் போய்விழப் பார்த்தேன். என் ஹேண்டில்பாரை முதலில் பிடித்தது அண்ணாச்சி. அவரோடு இன்னும் ஏழெட்டுப் பேர் பாய்ந்து பிடித்தார்கள். பிடித்தவர்கள் என்னைக் கீழே இறக்கவில்லை. காப்புக் கட்டியவன் கால் தரையில் பட்டுவிடக் கூடாது என்று சைக்கிளோடு சேர்த்து என்னை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அது பாலத்தின் மேல் போவதுபோல் இருந்தது. "ஏரல் வந்துட்டா?" என்று கேட்டேனாம். பேச்சி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும்.

தலைவர் பரமசிவம் ஓடிவந்தார். முகத்தில் தண்ணீர் அடித்து மறுபடி வட்டத்தில் விடச் சொன்னார். அவரைக் கல்மனசுக்காரர் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த வாரம் அவருடைய பேரனுக்கு அம்மை போட்டிருந்தது. வீட்டு வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. அம்மன் காப்பைப் பாதியில் அவிழ்த்துவிட்டு அந்த வீட்டுக்கு எப்படித் திரும்பிப் போவார்? அவர் கண் கோயில் பக்கமே போய்ப்போய் வந்ததைப் பேச்சி பார்த்திருக்கிறாள். ஆனாலும் அவள் ஹேண்டில்பாரை விடவில்லை.

"செத்துப்போவாக" என்றாள். "இனி ஒரு சுத்து விட மாட்டேன்."

"காப்பு கெடக்கே தாயி. நான் என்ன செய்ய?" என்றார் தலைவர். அதட்டலாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற குரலில்தான் சொன்னார்.

அண்ணாச்சி மைக்கை எடுத்தார். அதுவரை மைக்கில் பேசியே இராதவர். வாயிலிருந்து எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று தெரியாமல் கடித்துவிடுவதுபோல் பிடித்துக்கொண்டு பேசினார். அமெரிக்காவில் இதே மாதிரி ஆள் கலங்கி விழுந்ததைப் பார்த்து, பத்திரிகைக்காரர்கள் இது கொடுமை என்று எழுதினார்கள் என்றார். கடைசியில் சர்க்காரே சட்டம் போட்டது. ஒரு நாளில் பாதிக்கு மேல் ஒருவன் ஓட்டக் கூடாது என்று. நடத்துகிறவர்கள் யோசித்தார்கள். பந்தயத்தை நிறுத்தவில்லை. ஓர் ஓட்டத்துக்கு இரண்டு ஆள், ஒருவன் ஓட்ட ஒருவன் தூங்க, இருவருக்கும் சேர்த்து ஒரே கணக்கு என்று மாற்றினார்கள். அதோடு பந்தயம் செத்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். தூங்கி எழுந்தவன் முன்பைவிட வேகமாக ஓட்டினான். கூட்டமும் கூடியது.

"அது அமெரிக்கா சட்டம் அண்ணாச்சி" என்றார் தலைவர். "நம்ம அம்மனுக்கு அது தெரியுமா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

"சரி, நம்ம சட்டத்தையே கேக்கேன். கொடைக்கு எப்படிவே வரி வாங்குதீரு?"

"தலைக்கட்டுக்கு ஒரு வரி."

கொடை என்பது அம்மன் கோயில் திருவிழா. தலைக்கட்டு என்றால் எங்கள் பக்கத்தில் கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்த ஒரு குடும்பம். கோயில் கணக்கில் அது ஒன்று.

"என் பொண்டாட்டி இருந்தவரைக்கும் என்கிட்ட முழு வரி வாங்குனீரு. அவ போனபொறவு?"

தலைவர் தயங்கினார். "அரை வரி."

"அரைதான். நான் அதே ஆளுதான், அதே வீட்டுலதான் இருக்கேன். ஆனா அம்மன் கணக்குல நான் பாதி. அப்போ முழுசுங்கது ரெண்டு பேரும் சேந்ததுதானவே? இவரு கையில கட்டுன காப்பு ஒரு தலைக்கட்டுக்குக் கட்டுனது. அதுல பாதி அந்தப் புள்ள நிக்கா. அவ கைக்கு மாத்திக் கட்டுனா அவுத்ததாகுமா?"

அண்ணாச்சி தன் மனைவியைப் பற்றி நாலு பேர் முன்னால் பேசி அன்றுவரை யாரும் கேட்டதில்லையாம். மைக்கில் அவர் மூச்சுவிடுகிற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது என்று நடராஜன் இன்றைக்கும் சொல்லுவான்.

தலைவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி கொஞ்ச நேரம் யோசித்து, "ஆகாது" என்றார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் வாக்கியத்தை முடித்தார்: "அவுத்ததா ஆகாது."

"அந்தப் பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

ஊர் ஊராகப் போன இடத்திலெல்லாம், கூட்டம் சேருமுன் பேச்சிதான் வட்டத்தில் ஓட்டித் தரையைச் சோதிப்பாள் என்பது எனக்கு மட்டும் தெரியும். சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நடராஜனின் சைக்கிளை வாங்கினாள். பொம்பளையா என்று யாரோ முனகினார்கள். அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே பெண்கள் ஆறு நாள் பந்தயம் ஓட்டிக் கொட்டகை நிறைந்திருக்கிறது என்று அண்ணாச்சி மைக்கிலேயே சொல்லி அந்த வாயை அடைத்தார்.

அவள் ஏறி உட்கார்ந்த பிறகு பூசாரி என் மணிக்கட்டிலிருந்து காப்பை எடுத்து அவள் மணிக்கட்டில் கட்டினார். அதுவரை என்னைத் தூக்கிக்கொண்டு நின்றவர்கள், கட்டி முடித்ததும்தான் என் காலைத் தரையில் வைத்தார்கள்.

நான் ஒலிபெருக்கிக்குக் கீழேயே படுத்துத் தூங்கினேன். பாட்டு அலறியதாம், எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. அண்ணாச்சி என் தலைமாட்டில் உட்கார்ந்து பனை விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். பேச்சி சுற்றிக்கொண்டிருந்தாள். மில் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். நான் மூன்று நாளில் பார்க்காத கூட்டம். எத்தனை சுற்று ஆயிற்று என்று பதறிக் கேட்டேன்.

"அதை எதுக்குக் கேக்கீரு? வண்டி ஓடுது. நீரு பைய எந்திரிச்சு மொகத்தக் கழுவும்" என்றார்.

மீதி நாட்களை நாங்கள் இருவரும் மாறி மாறி ஓட்டி முடித்தோம். அம்மன் முன்னால் காப்பை அவிழ்த்தார்கள். தலைவரின் பேரனுக்கும் அந்த வாரமே தலைக்குத் தண்ணீர் விட்டார்கள். மரியாதை செய்கிற நேரத்தில் தலைவர் ஒரே ஒரு சால்வையைத்தான் கொண்டுவந்தார். "ஒரு தலைக்கட்டுன்னு அண்ணாச்சிதான சொன்னாவ" என்றார். கூட்டம் சிரித்தது. சால்வையைப் பேச்சி வாங்கிக்கொண்டாள். இன்றுவரை அவளிடம்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு நாங்கள் இந்த ஊரைவிட்டுப் போகவில்லை. பஸ் ஸ்டாப் பக்கத்தில் பஞ்சர் கடை போட இடம் பார்த்துக் கொடுத்தது அண்ணாச்சி. கடைக்கு வந்த முதல் வாரம், "உங்க வண்டிய இங்க விடுங்க, நான் எண்ணெய் போட்டுத் தாரேன்" என்றேன். தனக்கு வண்டி இல்லை என்றார். ஏன் என்று கேட்டேன். தனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். அமெரிக்காவின் ஆறு நாள் சரித்திரம் முழுவதும் தெரிந்தவருக்கு அரை ஃபர்லாங்கு ஓட்டத் தெரியாது. நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு சில நாள் பழக்கிப் பார்த்தேன். வாய்க்காலில் விழுந்தார். எழுந்து வேட்டியைப் பிழிந்தபடி, "சரித்திரம் சொல்லுதவன் எல்லாம் சண்டைக்குப் போனவனாவே?" என்றார். அதோடு நிறுத்திக்கொண்டோம்.

டீக்கடையில் அவர் கதை சொன்னதை நீங்கள் பலரும் கேட்டிருப்பீர்கள். ஒரு பந்தயத்தை ஆறு சாயங்காலம் சொல்லுவார், ஒரு நாளுக்கு ஒரு நாளாக. அந்நிய நாட்டுப் பெயர் யார் வாயிலும் நுழையாததால் ஓட்டக்காரர்களுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்துவிடுவார். அயர்லாந்திலிருந்து போனவன் ஒல்லி மாடசாமி. ஜெர்மனிக்காரன் செவத்த சண்முகம். நூறு வருஷத்துக்கு முன் முடிந்துபோன பந்தயத்துக்கு மில்காரர்கள் டீ பந்தயம் கட்டினார்கள். இரவு ஷிப்ட் மாறியதால் ஒரு நாள் கதையைத் தவறவிட்டவன் மறுநாள் பெஞ்சில் உட்காருமுன்பே, "இப்போ யாரு முன்னால போறா அண்ணாச்சி?" என்று கேட்பான்.

ஒரு தடவை ஆறாம் நாள் சாயங்காலம் கடை நிறைந்துவிட்டது. எல்லோருக்கும் ஒல்லி மாடசாமி ஜெயிக்க வேண்டும். அவனுக்கு வயது அதிகம், சொந்த ஊரில் வறுமை, முழங்காலில் காயம். அண்ணாச்சியே அப்படிச் சொல்லி எங்களை அவன் பக்கம் சாய்த்திருந்தார். கடைசியில் அவன் தோற்றான். நடராஜன் கோபித்துக்கொண்டு, பாக்கி டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டான். "இங்கன யாருக்குத் தெரியப் போவுது? அவன ஜெயிக்க வச்சா என்ன?" என்று கேட்டான்.

"எனக்கும் அவன் ஜெயிக்கணும்னுதான்ல இருந்துச்சு" என்றார் அண்ணாச்சி. "ஒவ்வொரு தடவ படிக்கும்போதும் இந்தத் தடவயாவது ஜெயிச்சிருவானான்னு பாக்கேன். தோத்துருதான்." அவர் குரல் அப்படி இறங்கிவிட்டதைக் கேட்டு நடராஜன் திரும்ப உட்கார்ந்து டீயைக் குடித்தான்.

ஒல்லி மாடசாமியைப் பற்றி நானே வாசிக்க வேண்டும் என்ற ஆசையில்தான் நான் எழுத்து வகுப்பில் சேர்ந்தேன். மில் குடியிருப்பில் ஒரு பெண்பிள்ளை சாயங்காலம் நடத்தினாள். 'அ'விலிருந்து ஆரம்பித்து, பஸ் போர்டு வாசித்து, கடைப் பலகை வாசித்து, ஒருவழியாக நிறுத்தாமல் ஒரு பக்கம் வாசிக்க வந்தது. அன்றைக்கே அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அந்தக் கட்டைக் கேட்டேன். அவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கையில் கொடுத்தார். பிரித்தேன். அத்தனையும் இங்கிலீஷ். இங்கிலீஷ் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். எழுத்துத் தெரிந்துவிட்டால் எல்லா எழுத்தும் தெரிந்துவிடும் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தைக் காட்டினார். மீசை வைத்த ஒரு மனிதன், சைக்கிள் மேல் குனிந்து, கண்ணை அகலத் திறந்துகொண்டு இருந்தான். "இவன்தாம்வே ஒல்லி" என்றார். நெடுநேரம் இருவரும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கண்ணை எனக்குத் தெரியும். நாலாம் நாள் மத்தியானத்துக் கண் அது.

"இவனுக்கு ஆளு மாத்திக்க ஒருத்தரும் வரல" என்று சொல்லிக் கட்டை மூடினார்.

அண்ணாச்சி இறந்தபின் துஷ்டி கேட்கப் போனபோது பரமசிவம் தலைவரும் வந்திருந்தார். அண்ணாச்சியின் மகள் அந்தக் கட்டைப் படிப்பகத்துக்கே கொடுத்துவிட்டாள். இங்கிலீஷ் படிக்கிற பிள்ளைகள் அதைத் தமிழில் சொன்னால் நான் எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன். அவர்கள் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும்.

அண்ணாச்சியிடமிருந்து உனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், தூக்கம் என்று சொல்லுவேன். கண்ணை மூடாமல் இருப்பதுதான் என் பிழைப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. ஓட்டம் இல்லாத நாளில், வீட்டுப் பாயில் படுத்தாலும் கண் சொருகும்போது திடுக்கிட்டு எழுந்து உட்காருவேன். தூங்கினால் ஏதோ ஒன்று என்னால் நின்றுபோகும் என்ற பயம். அந்தப் பயத்தை அவர் ஒரு மத்தியானத்தில், விசிறியால் வீசி, என்னிடமிருந்து எடுத்துவிட்டார். நான் படுத்திருந்தபோது எதுவும் நிற்கவில்லை. இன்னும் நன்றாகவே நடந்தது.

இப்போது தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு கடைக்குள் பாயை விரித்துப் படுத்துவிடுகிறேன். வெளியே யாராவது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து என்னைக் கேட்கிறார்கள். "அவுக தூங்குதாக, இங்க கொண்டாங்க" என்று பேச்சி சொல்லுவது பாதித் தூக்கத்தில் கேட்கும். டயரைக் கழற்றுகிற சத்தம் கேட்கும். அதற்குமேல் எனக்கு ஒன்றும் கேட்காது. சாயங்காலம் அவள் படுப்பாள், நான் பஞ்சர் ஒட்டுவேன்.